பழைய குறியா, ஸ்கோப்பா? லீவர் ரைஃபிளுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

வின்செஸ்டர் 94 ரைஃபிளின் லீவரை இயக்கினால், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு நேர் மேலே துள்ளிச் சுடுபவரின் தலையைத் தாண்டி விழும். ஜான் பிரௌனிங் அதை வடிவமைத்த காலத்தில் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. மெல்லிய, தட்டையான அந்தத் துப்பாக்கி குதிரைச் சேணத்தின் பக்கத்தில் தொங்கும் தோலுறைக்குள் தடையின்றி நுழைந்தது. உள்ளே தோட்டா சிக்கினால் மேலே திறந்திருந்த வாயிலாக விரலை விட்டே எடுக்கலாம். அந்த வாய்க்கு நேர் மேலே ஒருநாள் கண்ணாடிக் குழாயைப் பொருத்த ஆட்கள் வருவார்கள் என்பது 1894-ஆம் ஆண்டின் கணக்கில் இல்லை. 70 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான மாடல் அது. 1980களின் தொடக்கம் வரை வந்த வின்செஸ்டர் 94-களில் கூடு மேல்நோக்கியே எகிறும்.

எனவே ஸ்கோப் வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் தன் ரைஃபிளில் வெற்றுக் கூடு எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

மார்லின் நிறுவனம் 1889 மாடலிலேயே துப்பாக்கியின் முதுகை மூடி, கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும் வழியைக் கண்டுகொண்டது. மழையும் குப்பையும் உள்ளே போகாது, முகத்துக்கு முன்னால் எதுவும் எகிறாது என்பவைதாம் அன்றைக்கு அதன் சிறப்புகள். அரை நூற்றாண்டு கழித்து ஸ்கோப் பரவியபோது அந்தத் தட்டை முதுகு வேறொரு வகையில் கைகொடுத்தது. 1948-இல் வந்த மார்லின் 336-இன் முதுகில் ஸ்கோப்பை நடுக்கோட்டில், தாழ்வாகப் பொருத்தலாம். அதற்கும் .45-70 தோட்டாவுக்கான மார்லின் 1895-க்கும் பொருந்தும் வீவர் 63பி என்ற சிறிய அலுமினிய அடித்தளம் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் பலரும் அறிந்த சரக்கு. சாவேஜ் 99, பிரௌனிங் பிஎல்ஆர், ஹென்றி நிறுவனத்தின் .30-30 ஆகியவையும் இந்த வகையில் வசதியானவை. வின்செஸ்டரும் பிற்பாடு கூட்டைச் சாய்வாக வெளியேற்றும் வடிவத்துக்கு மாறியது.

பழைய வின்செஸ்டர் 94, வின்செஸ்டர் 1892, அவற்றைப் பின்பற்றிச் செய்த ரோஸி 92 போன்றவற்றில் ஸ்கோப் வேண்டுமென்றால் இரண்டே வழிகள். ஒன்று, ஸ்கோப்பை இடப்புறம் தள்ளிப் பக்கவாட்டு மவுண்டில் மாட்டுவது. கன்னம் பிடங்கை விட்டு விலகி நிற்கும் அந்த ஏற்பாட்டை இந்த நூல் பரிந்துரைக்காது. இன்னொன்று, ஸ்கோப்பைக் குழலின் மேல் முன்னால் தள்ளி வைப்பது. அதைப் பின்னர் பார்ப்போம். ஒரு வேண்டுகோளை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் தாத்தாவிடமிருந்து வந்திருந்தால், அதில் துளை போட்டு மரை வெட்டக் கூடாது. சேகரிப்பாளர்கள் அத்தகைய துப்பாக்கியின் ஒவ்வொரு துளையையும் உற்றுப் பார்ப்பார்கள். தொழிற்சாலை போடாத ஒரு துளை அதன் மதிப்பை வெகுவாகக் குறைத்துவிடும்.

காடு எவ்வளவு தூரம் காட்டுகிறது?

அடுத்த கேள்வி நிலத்தைப் பற்றியது. மெய்ன், வெர்மாண்ட், மிச்சிகனின் மேல் தீபகற்பம் போன்ற பகுதிகளின் அடர்காட்டில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் கண்ணில் படும். பல வேளைகளில் அதில் பாதித் தூரம்கூட இருக்காது. நின்று பார்க்கும் மான் இரண்டு மூன்று நொடிகளில் மரங்களுக்குள் கரைந்துவிடும். அங்கே வெற்றி தோளுக்கு ரைஃபிள் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைப் பொறுத்தது. டெக்சஸ் புல்வெளியிலும் மொன்டானாவின் திறந்த மலைச்சரிவிலும் கதையே வேறு: தூரம் நீளும், நேரமும் கிடைக்கும்.

தோட்டாவுக்கும் ஓர் எல்லை உண்டு. லீவர் ரைஃபிள்களில் பெரும்பாலானவை தோட்டாக்களைக் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குபவை. கூர்முனைக் குண்டு முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்தி வெடிக்க வைக்கக்கூடும் என்பதால் தட்டை முனைக் குண்டுகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. தட்டை முனை காற்றில் வேகமாகத் தளரும். 170 கிரெயின் குண்டுள்ள .30-30 தோட்டாவை 100 மீட்டரில் குறியில் படும்படி அமைத்தால், 200 மீட்டரில் ஏறத்தாழ கால் மீட்டர் கீழே இறங்கிவிடும். ஹார்னடி நிறுவனம் 2006 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த லெவரெவல்யூஷன் தோட்டாக்களின் முனை நெகிழும் தன்மையுள்ள பாலிமரால் ஆனது. கூராக இருந்தாலும் பிரைமரைக் குத்தாது. அதை 100 கஜத்தில் 3 அங்குலம் மேலே படும்படி அமைத்தால் 200 கஜத்தில் குறியிலேயே படும். ஸ்கோப்புக்கு உண்மையான வேலை தந்த மாற்றங்களில் இது ஒன்று. சாவேஜ் 99 சுழலும் மேகசினாலும், பிரௌனிங் பிஎல்ஆர் கழற்றி மாட்டும் பெட்டி மேகசினாலும் இந்தச் சிக்கலை வெகு முன்பே கடந்துவிட்டன. அவற்றில் கூர்முனைக் குண்டு போடலாம். அந்த இரண்டையும் ஸ்கோப் ரைஃபிள்களாகவே கருதுவது நல்லது.

தொழிற்சாலை தரும் குறி

புதிய லீவர் ரைஃபிள்களில் பலவும் பாதிப் பிறை வடிவப் பின்குறியோடும், முனையில் பித்தளை மணி வைத்த முன்குறியோடும் வருகின்றன. பின்குறியின் இரு பக்கமும் காட்டெருமைக் கொம்பைப் போல் வளைந்து எழும். பார்க்க அழகு. ஆனால் அந்தக் கொம்புகள் மானின் உடலில் பாதியை மறைத்துவிடுகின்றன என்பது நூறாண்டுப் பழமையான குறைபாடு.

மணியின் அளவும் கவனிக்க வேண்டியது. 1.6 மில்லிமீட்டர் அகலமுள்ள மணி கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 100 மீட்டர் தொலைவில் அது 20 சென்டிமீட்டரை மூடும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 50 மீட்டரில் இது தொல்லையே இல்லை. 150 மீட்டரில் குறி பார்க்கும் இடமே மணிக்குப் பின்னால் மறைந்துபோகும். பக்கவாட்டு வெயிலில் பித்தளை மணி இன்னொரு விதமாகவும் ஏமாற்றும்: வெயில் படும் பக்கம் மட்டும் மின்ன, சுடுபவர் அந்த மின்னலையே மணி என்று எடுத்துப் பின்குறியின் நடுவில் நிறுத்துவார். குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விலகும். தட்டை முகமுள்ள கறுப்புக் கம்பமோ, வெள்ளை முனையோ இந்த ஏமாற்றைக் குறைக்கும்.

இந்தக் குறிகளின் உண்மையான பலவீனம் இரண்டு குறிகளுக்கும் இடையிலான தூரம். குழலின் நடுவில் அமர்ந்த பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 40 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்குறியைச் சீராக்குவதில் கால் மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் குண்டு 6 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பின்குறியைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து அந்த இடைவெளியை 60 சென்டிமீட்டராக்கினால் அதே பிசகு 4 சென்டிமீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். கைக்கும் தோட்டாவுக்கும் எந்த மாற்றமும் செய்யாமலே கிடைக்கும் லாபம் இது.

பீப் குறி: பலரும் தாண்டிப்போகும் வழி

அந்த லாபத்தைத் தருவது பீப் குறி. கண்ணுக்கு அருகே ஒரு சிறு வளையம், அதன் துளை வழியாக முன்குறி. வில்லியம் லைமன் 1870களின் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்ஃபீல்டில் இத்தகைய குறியை விற்கத் தொடங்கினார். பிடங்கின் கழுத்துப் பகுதியில் நிமிர்த்தி நிறுத்தும் அந்தக் குறி வேட்டைக்காரர்களிடையே விரைவில் பரவியது. இன்று மிச்சிகனின் டேவிசனில் உள்ள வில்லியம்ஸ், மொன்டானாவின் ஸ்கின்னர், டெக்சஸின் எக்ஸ்எஸ் ஆகிய நிறுவனங்கள் லீவர் ரைஃபிள்களுக்கென்றே பீப் குறிகள் செய்கின்றன.

இதைப் பயன்படுத்தக் கற்பவர் முதலில் விட வேண்டிய பழக்கம் வளையத்தை உற்றுப் பார்ப்பது. வளையம் மங்கலாகத் தெரிந்தால் போதும். துளையின் நடுவில்தான் வெளிச்சம் அதிகம். கண் முன்குறியைத் தானாகவே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். முன்குறியை மானின் மேல் வைத்து விசையை அழுத்துவது மட்டுமே மிச்ச வேலை. திறந்த குறியில் கண் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தொலைவுகளை ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். பீப்பில் ஒன்று குறைந்துவிடுகிறது. அதோடு, சிறு துளை வழியே பார்க்கும்போது அருகும் தொலைவும் ஓரளவு ஒன்றாகத் தெளியும்.

துளையின் அளவைச் சூழலே தீர்மானிக்க வேண்டும். இலக்குப் பலகைக்குச் சிறு துளை நல்லது. காட்டில், அதுவும் மங்கல் வெளிச்சத்தில், அதே துளை இருட்டறையின் சாவித்துளையாகிவிடும். அதற்காகவே பல பீப்களில் துளைவட்டைத் திருகிக் கழற்றி, எஞ்சும் பெரிய வளையத்தின் வழியே பார்க்கலாம். துல்லியம் போய்விடுமே என்று புதியவர்கள் அஞ்சுவார்கள். மான் வேட்டைத் தூரத்தில் அந்த இழப்பு எவரும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

ஐயம் இருந்தால் அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) நடத்தும் கௌபாய் லீவர் ஆக்ஷன் சிலூயெட் போட்டிகளைப் போய்ப் பார்க்கலாம். பெரிய தோட்டாப் பிரிவில் 50 மீட்டரில் எஃகுக் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200 மீட்டரில் செம்மறிக் கிடா. நின்றபடியே சுட வேண்டும், ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. பீப் குறியோடு 200 மீட்டர் கிடாவைத் தட்டிச் சாய்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பீப் பொருத்தியதும் ரைஃபிள் மேலே சுடத் தொடங்கினால் பதற வேண்டாம். புதிய பின்குறி பழையதைவிட உயரமாக அமைவதால் முன்குறியையும் உயரமானதாக மாற்ற வேண்டியிருக்கும். கணக்கு எளிது: குண்டு எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறிகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மேலே படுகிறது, இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றால் 1.2 மில்லிமீட்டர் உயரமான முன்குறி வேண்டும். பழைய முன்குறியை அதன் காடியிலிருந்து எடுக்கப் பித்தளைக் கோலை வைத்துத் தட்ட வேண்டும். எஃகு ஆணியால் தட்டினால் தழும்பு விழும். பொதுவழக்கப்படி, சுடுபவரின் பார்வையில் இடமிருந்து வலமாகத் தட்டி வெளியே எடுப்பார்கள், வலமிருந்து இடமாகத் தட்டி உள்ளே ஏற்றுவார்கள்.

அடர்காட்டில், தெளிவான கண்ணோடு, 150 மீட்டருக்குள் வேட்டையாடுபவருக்கு இந்த நூல் முதலில் சொல்வது பீப்தான். எடை ஒரு கைப்பிடிகூட இல்லை. தோட்டாக் கூடு எப்பக்கம் எகிறினாலும் பெரும்பாலும் பொருந்தும். லீவர் ரைஃபிளின் தனிச்சிறப்பான ஒற்றைக் கைப்பிடி, அதாவது நடுப்பகுதியைச் சமநிலையில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கும் வசதி, கெடுவதும் இல்லை. ஸ்கோப் ஏறிய ரைஃபிளில் விரல்கள் மடங்க வேண்டிய இடத்தில் குழாய் தடுக்கும்.

ஸ்கோப் வேண்டியவர்கள்

நாற்பதைத் தாண்டிய கண்ணில் முன்குறி மங்கத் தொடங்கும். இது யாருக்கும் விலக்கில்லாத மாற்றம், பயிற்சியால் சரியாகாது. பீப் சில ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிறகும் முன்குறி புகைபோலத் தெரிந்தால் பிடிவாதம் கூடாது. காயப்பட்ட மான் புதரில் கிடந்து சாவதைவிட ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுவது எவ்வளவோ மேல். ஸ்கோப்பில் இலக்கும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் தெரிவதால், கண் ஒரே இடத்தில் குவிந்தால் போதும்.

வெளிச்சம் இரண்டாவது காரணம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. மான் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். அப்போது பித்தளை மணி கறுத்துப்போகும். நல்ல ஸ்கோப்பில் கொம்பும் கிளையும் பிரிந்து தெரியும். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4 மடங்கு, 32 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் அது 8 மில்லிமீட்டர். 9 மடங்குக்கு ஏற்றிய 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் நாலரைகூட இல்லை. இருட்டில் விரிந்த கண்மணி அதைவிடப் பெரிது.

எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டும் என்பதில்தான் பலர் வழிதவறுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள .30-30 பெரும்பாலும் 100 மீட்டரில் 5 முதல் 8 சென்டிமீட்டருக்குள் குண்டுகளைத் திரட்டும். அதற்கு 12 மடங்கு தேவையில்லை. நிலையான 2.5 மடங்கு, அல்லது 4. மாற்றிக்கொள்ளும் வகையென்றால் 1-4, அதிகம் போனால் 2-7. லியுபோல்டின் 2.5 மடங்கு, 20 மில்லிமீட்டர் ஸ்கோப் லீவர் ரைஃபிள்காரர்களிடையே நெடுங்காலம் விரும்பப்பட்டதற்குக் காரணம் அதன் சிறு உருவமும் அகன்ற பார்வையும். 3-9 ஸ்கோப் மாட்டியவர் அதைக் காட்டுக்குள் 3-இலேயே நிறுத்தி வைக்க வேண்டும். 9-இல் மறந்துவிட்டு 30 மீட்டரில் எழும் மானைத் தேடினால் வெறும் பழுப்பு உரோமம் மட்டுமே தெரியும், எந்தப் பகுதி என்று விளங்காது.

ஸ்கோப் வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையில் பிடித்துக் கண்ணை மூடித் தோளில் ஏந்தி, கன்னம் இயல்பாகப் படிந்ததும் திறக்க வேண்டும். லீவர் ரைஃபிளின் பிடங்கு தாழ்ந்த குறிகளுக்கென வளைத்தது. அதனால் பழைய குறி நேராகக் கண்ணில் படும்; ஸ்கோப்போ நெற்றிக்கு மேலே நிற்கும், தாடையை மட்டும் பிடங்கில் ஊன்றித் தலையைத் தூக்க நேரும். ஸ்கோப்பைப் பிடிக்கும் மிகத் தாழ்வான ரிங்குகளும், பிடங்கின் மேல் கயிறிட்டுக் கட்டும் தோல் பட்டையும் இதைச் சரிசெய்யும். .45-70 போன்ற பலமாக உதைக்கும் ரைஃபிளில் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9, 10 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். குறைந்தால் புருவம் கிழியும்.

இன்னொன்று பாதுகாப்பைப் பற்றியது. லீவர் ரைஃபிள்களில் பலவற்றுக்கும் வெளியே தெரியும் சுத்தியல் உண்டு. ஸ்கோப் அதை மூடிக்கொள்வதால் பெருவிரல் எட்டாது. பக்கவாட்டில் நீளும் சிறு உலோகத் துண்டைச் சுத்தியலில் திருகிக்கொள்ள வேண்டும். தோட்டா உள்ளே இருக்கும்போது, சுடாமலே சுத்தியலை மெல்லத் தாழ்த்துவது இந்தத் துப்பாக்கியின் மிக ஆபத்தான வேலை. குளிரில் மரத்த விரலோடு, கையுறையோடு, ஓரமாக நீளும் துண்டைப் பிடித்து அதைச் செய்யும்போது ஆபத்து கூடுகிறது. குழல் எப்போதும் மண்ணை நோக்கியே இருக்க வேண்டும். அந்தத் துண்டின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

இடைவழிகள்

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய ஸ்கவுட் முறையில் ஸ்கோப் குழலின் மேல், கண்ணிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தள்ளி அமர்கிறது. மேலே கூடு எகிறும் வின்செஸ்டருக்கு இது நடைமுறையில் ஒரே நேர்க்கோட்டு வழி. இரண்டு கண்ணையும் திறந்து விரைவாகச் சுடலாம். முதுகுப்பக்கம் வெயில் இருந்தால் பின்கண்ணாடியில் ஒளி பட்டுப் படம் வெளிறும் என்பது இதன் குறை.

சிவப்புப் புள்ளிக் குறியை மரபை விரும்புவோர் வெறுக்கலாம். ஆனாலும் மங்கும் கண்ணுக்கும் குறுகிய தூரத்துக்கும் அது நேர்மையான விடை. உருப்பெருக்கம் இல்லை, எடை குறைவு, தலை சற்று நகர்ந்தாலும் புள்ளி இலக்கிலேயே நிற்கும். கண்ணில் சிதறல்பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் அது நட்சத்திரமாகச் சிதறித் தெரியும். வாங்குமுன் சொந்தக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

ஸ்கோப், பீப் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. மார்லினை 2020-இல் வாங்கிய ருகர் நிறுவனம் மறுபடி வெளியிட்ட 1895 எஸ்பிஎல் மாடலில், நீளமான ரெயிலும் அதன் பின்முனையில் பீப் வளையமும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. நெம்பிக் கழற்றும் மவுண்டில் ஸ்கோப்பை மாட்டி, மழையோ பனியோ கண்ணாடியை மூடினால் அதை எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் பீப்புக்கு மாறலாம். அலாஸ்காவில் கரடி உலவும் புதர்களுக்குள் நடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு குறைவு.

எதை மாட்டினாலும் சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது. 25 மீட்டரில் தொடங்கி, குண்டு தாளில் படுவதை உறுதிசெய்து, பிறகு 100-க்குப் போகலாம். திறந்த குறியிலும் பீப்பிலும் பின்குறியைக் குண்டு நகர வேண்டிய திசையிலேயே நகர்த்த வேண்டும், முன்குறியை எதிர்த்திசையில். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம். லீவர் ரைஃபிளின் மெல்லிய குழலோடு மேகசின் குழாயும் வளையங்களும் பிணைந்திருப்பதால், சூடேறினால் குண்டு படும் இடம் நகரக்கூடும். மூன்று தோட்டாக்களுக்கு ஒருமுறை குழல் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். மானுக்கென்று புறப்படும் ரைஃபிளில் முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்து எங்கே போய்ப் படுகிறது என்பதைத் தனித்தாளில், வேறொரு நாளில் சுட்டுக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.